மூன்றாம் குழாயில் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள மணி அண்ணே,

நான்தான், காத்தமுத்து. இது என் கையெழுத்து! உட்லண்ட்ஸ் நூலக வகுப்பில் எட்டு மாதம் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு வரி எழுதுவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன், அண்ணே.

நிம்மதியாக உட்காரத்தான் முடியவில்லை. எல்லாம் நம் ஆற்றோரத் திடலால்தான். மண்ணுக்கடியில் பழைய படகுப் பலகைகள் கிடக்கின்றன, ஈரம் இருக்கும்வரை அழுகாது, தோண்டாமலே விட்டுவைக்கலாம் என்றார்கள் தொல்பொருள்காரர்கள். அதற்காகத்தானே வாரம் ஒருமுறை, மண்ணில் நட்ட குழாய்களில் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்த்தோம்? நான் அளவு சொல்ல, நீங்கள் நோட்டில் எழுதினீர்கள்.

மூன்றாம் குழாய் பலகைகளுக்கு நேர் மேலே. அதன் மூடியைத் திறந்ததும் பூமித்தாய்க்கு ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே ஊற்றிவிட்டுத்தான் அளப்பேன்.

“டேய், அளவு மாறும்டா.”

“அம்மாவுக்குத் தாகம்ணே. ஒரு சொம்புல என்ன ஆகப்போகுது?”

நீங்கள் ஊருக்குப் போன பிறகு ஊற்ற மனம் வரவில்லை. மட்டம் சடாரென்று இறங்கியது. ஆபீசிலிருந்து அளவு வாங்க வரும் ஷீலாப் பிள்ளை, “அந்தப் பைப் ஸ்பாயில் லா அங்கிள், மாத்திடலாம்” என்றது. அந்தப் பிள்ளை நோட்டைப் பார்க்காது, எண்களை மட்டும்தான் எடுத்துப்போகும்.

போன வாரம் உங்கள் நோட்டை நானே வாசித்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், “காத்தமுத்து ஊற்றினான்.” அடுத்த வாரமும் “ஊற்றினான்.” நான் காய்ச்சலில் கிடந்த வாரங்களில் “ஊற்றவில்லை.” அந்த வாரங்களில் மட்டும் அளவு ஒவ்வொரு தடவையும் இன்னும் கீழே. மண் வெகுநாளாகக் காய்கிறது அண்ணே. என் சொம்பு அதை மறைத்திருக்கிறது.

ஏன் எனக்குப் படித்துக் காட்டவில்லை? வருந்துவேன் என்றா?

இரண்டு நாள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேக்கா கடைத்தெருவைச் சுற்றினேன். சொன்னால் என் வேலை போகுமோ? சொல்லாவிட்டால் பலகைகள் போய்விடுமே. கடைசியில் ஷீலாவிடம் நீட்டினேன்.

“என்ன அங்கிள், பைப்புக்குத் தீர்த்தமா குடுத்தீங்க?” என்று சிரித்தது. பக்கம் புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றது. அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டது.

நாளைக் காலை மண்ணைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். பலகைகள் தப்புமா? தெரியவில்லை. போட்டுக்கொள்ள எடுத்துவைத்த சட்டையை நான்கு முறை மாற்றிவிட்டேன்.

இனி நோட்டு என் பொறுப்பு. இன்று என் முதல் வரி, “ஊற்றவில்லை.” என்றாவது மனம் கேட்காமல் ஊற்றிவிட்டால், அதையும் எழுதிவைப்பேன் அண்ணே.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
காத்தமுத்து