கீழ்த்தெருவுக்கு முதலில் வந்த வடிகால்

மார்ச் 3, திங்கள்

வீட்டுவரி கட்டிவிட்டேன், வழக்கம்போல முதல் ஆளாக. கவுன்டர்க்காரர் ரசீதைக் கொடுத்துவிட்டு, "நீங்க ஒருத்தர்தான் மேடம் சொல்லாமலே வர்றீங்க" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வந்து என் மூக்குக்கண்ணாடிக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போன். ஓரகத்தி.

"அக்கா, எங்க தெருவுக்கு ரோடு போட்டாச்சு! லைட்டும் மாத்திட்டாங்க. அடுத்து வடிகால் தோண்டப் போறாங்க."

"அப்படியா, ரொம்ப நல்லது" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது.

அவர்கள் வரி கட்டுவது நோட்டீஸ் வந்த பிறகு, அபராதத்தோடு. எங்கள் தெருக் கம்பத்தில் பல்பு எரிந்து மூன்று வருஷம் ஆகிறது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வீட்டில் மதியச் சாப்பாடு. தெரு மழமழவென்று கிடக்கிறது. செருப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. இவர் வேறு, "பாரேன், படுத்துத் தூங்கலாம் போல இருக்கு" என்றார். எரிச்சலாக வந்தது.

"யாரைப் பிடிச்சு வாங்கினே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நடையா நடந்தேன்க்கா. ஆறு மாசம்."

நடந்தாளாம்! முன்னறையில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் வரும்போது ஒன்றுகூட அழுவதில்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போகத்தான் அழும். இந்தக் குடும்பத்துக்கு எனக்குப் பின்னால் வந்தவள். ஆனாலும் எல்லாரும் அவள் பக்கம்தான் திரும்பி உட்காருவார்கள். நான் வரிசையில் நிற்பேன். அவளுக்கு வாசலுக்கே வந்து சேரும்.

மார்ச் 13, வியாழன்

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். "உங்க தெரு அடுத்த கட்டம்" என்றார் எழுத்தர், தலை நிமிராமலே. சுவரில் வரைபடம். அவள் தெரு பட்டையான சிவப்புக் கோடு. என் தெரு புள்ளி புள்ளியாக. எனக்குப் புள்ளிதான் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஆணையருக்குக் கடிதம் எழுதினேன். ஒரே தெருவுக்கு மூன்று வேலைகள், மற்றத் தெருக்களுக்கு ஒன்றுமில்லை, இதை யார் முடிவு செய்தார்கள்? — நியாயமான கேள்விதானே? அதோடு நிறுத்தியிருக்கலாம். ரோட்டின் தரம் சரியில்லை, கமிஷன் கைமாறியதாகப் பேச்சு என்றும் சேர்த்தேன். யார் பேசினார்கள்? நான்தான், இப்போது, இந்த மேஜையில்.

பெயர் போடவில்லை. 'வரி ஒழுங்காகக் கட்டும் ஒருவர்.' தபாலில் சேர்த்தாயிற்று.

மார்ச் 26, புதன்

விசாரணையாம். அவள் தெருவில் வடிகால் வேலையை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இவர் தம்பி வீட்டுக்குப் போய்வந்தார். தோண்டின பள்ளம் வாசலில் அப்படியே கிடக்கிறதாம். பலகை போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக அவளே தூக்கிக்கொண்டு தாண்டுகிறாளாம். பெற்றவர்கள் பயந்துபோய் மூன்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

"எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அவன் கையில கிடைச்சா..." என்றார்.

துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளம் நிரம்பி, காப்பகத்துக்குள் முழங்கால் தண்ணீர். இரண்டு பேரும் ஓடினோம். பாய்கள் ஊறிப்போய்க் கிடந்தன. மரக்கட்டைப் பொம்மைகள் மிதந்தன. அவள் அழவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி வாளியாக இறைத்தாள். நானும் இறைத்தேன்.

பேன்ட்டை மடித்துக்கொண்டு நகராட்சிப் பொறியாளர் வந்தார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "நாங்க மேல் தெரு. இந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் சார் முதல்ல?"

"வடிகாலைத் தாழ்வான பக்கத்துல இருந்துதாம்மா ஆரம்பிக்கணும். மேல் தெருவை முதல்ல பண்ணியிருந்தா அந்தத் தண்ணியும் சேர்ந்து இங்கதான் கொட்டியிருக்கும். உங்க தெருவும் இதே டெண்டர்தான். இவங்க குடுத்த மனுவுலயே ரெண்டு தெருவும் இருக்கு. விசாரணைன்னு இப்ப ரெண்டுமே நிக்குது."

இரண்டு தெருவும்! என் தெருவுக்கும் சேர்த்தா நடந்தாள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? — சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா?

ஏப்ரல் 9, புதன்

கடைக்குத் தனியாக வந்தாள். ஒரு ஜெராக்ஸைக் கல்லாமேஜையில் வைத்தாள். அலுவலகத்தில் கேட்டு வாங்கினாளாம். என் கடிதம்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் கண்ணாடிக்குப் பவர் சீட்டு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கா?"

ஜெராக்ஸைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏன்க்கா?"

தரம், நியாயம், வரிப்பணம் — எத்தனையோ சொல்லலாம். வாயில் வந்தது ஒன்றுதான். "பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல."

கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். ரெண்டு அறைகூட அறைஞ்சிருக்கலாம், ஐயோ, வாங்கிட்டிருப்பேனே...

ஏப்ரல் 10, வியாழன்

இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் நேரே ஆணையரிடம் போனேன். கமிஷன் விஷயம் நானே கட்டிவிட்ட கதை என்று எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கொடுத்தேன்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"ஆனா முதல் கேள்வி நல்ல கேள்விதான். எந்தத் தெருவுக்கு என்ன வேலை, ஏன்னு நாங்க வெளியில எழுதி ஒட்டியிருக்கணும். அதை உங்க பேரைப் போட்டே கேட்டிருக்கலாமே?"



ஏப்ரல் 25, வெள்ளி

வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது. என்னை எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அவளிடமிருந்து போன் இல்லை. கொழுந்தன் வருவதில்லை. அவள் காப்பகத்தில் இப்போது ஏழு பிள்ளைகள்தான்.

ஜூன் 14, சனி

எங்கள் தெருவில் வடிகால் பாதிதூரம் வந்துவிட்டது. தெருவுக்கு ஒருவர் நின்று வடிகாலின் ஆழத்தை அளந்து சரிபார்க்க வேண்டும் என்று நகராட்சியில் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் முன்வரவில்லை. நான் போனேன். கீழ்த்தெருவிலிருந்து யார் வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

அவள் டேப்பைப் பிடித்தாள். நான் நோட்டைப் பிடித்தேன். ஒன்றரை மணி நேரம் எண்களைத் தவிர ஒரு பேச்சில்லை. "ரெண்டரை அடி." "சரி." "ரெண்டரை." "சரி." மருந்துக்கடை முன்னால் வந்ததும் குனிந்து திரும்ப அளந்தாள்.

"இங்க மூணு அங்குலம் குறையுது."

கான்டிராக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடுங்க மேடம், உங்க தெரு சீக்கிரம் முடிய வேணாமா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"இருக்கறத எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். அடியில் என் பெயரைப் போட்டுவிட்டு நோட்டை நீட்டினேன். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.