காலணாக் காகிதம்

பேட்டை,
பரிதாபி வருஷம், ஐப்பசி 12.

கொழும்பிலிருக்கும் என் அத்தானுக்குப் பிரம்மநாயகி வணங்கி எழுதியது. நெல்லையப்பர் கிருபையில் நானும் குழந்தை கோமுவும் சுகம். மழை பிடித்துவிட்டது. அடுக்களைக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா?

என் காகிதங்கள் சுருங்கிவிட்டதாகக் குறைப்பட்டிருந்தீர்கள். நான் என்ன செய்ய? எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று தெரிந்ததிலிருந்து, இலங்கைக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நம் வாசலில்தான். உலை கொதிக்கும்போது ஒருத்தி, குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒருத்தி. சும்மா எழுதிக்கொடுக்காதே, காகிதத்துக்குக் காலணா வாங்கு, கூட்டம் தானே குறையும் என்று எழுதினீர்கள். வாங்கினேன். கூட்டம் குறையவில்லை, அதிகாரம்தான் கூடியது. தங்கத்தாய் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஓரத்தில் வெள்ளையாகக் கிடக்கிறதே, அங்கேயும் ஏதாவது எழுதினால் என்ன என்றாள்.

இசக்கியம்மா சங்கதிதான் பெரிது. அவள் புருஷன் பூதத்தான் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதா மாதம் வந்து அவனைத் திட்டி எழுதச் சொல்வாள். சும்மா எழுதிய காலத்தில் நான்கு வசவுக்கு ஒன்றைப் போட்டு, மற்றதையெல்லாம் "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று மாற்றிவிடுவேன். அவனும் பிரியமாகப் பதில் போடுவான்.

போன மாதம் காலணாவை வைத்துவிட்டு ஆரம்பித்தாள். வழக்கம்போல விழுங்கப் பார்த்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை நிக்குதே அம்மா. துட்டு வாங்கிட்டுப் பாதிச் சொல்லை முழுங்கப்படாது. இனி என் வாசல மிதிக்காதன்னு எழுதுங்க" என்றாள். வாங்கிவிட்டேனே, எழுதினேன்.

பதில் வந்தது. நான்தான் வாசித்தேன். ஊருக்கு வரக் கப்பல் சீட்டு எடுத்திருந்தானாம். உன் உத்தரவுப்படி அதை வேறொருவனிடம் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தான். இசக்கியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு வருஷமாக இதைத்தானே சொல்கிறேன், இப்போது மட்டும் என்ன ரோஷம் என்று அழுதாள். இனி மறைக்க முடியாது என்று, இதுவரை நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிட்டேன். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ சும்மா எழுதினப்பதான் ஒழுங்கா எழுதியிருக்கீய" என்றாள்.

அவள் காசை அவள் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு, பூதத்தானுக்கு என் இஷ்டத்துக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். நேற்றுக் காலை பூதத்தான் வந்து இறங்கிவிட்டான். நேரே நம் வீட்டுக்கு வந்து, காகிதத்தில் இவ்வளவு கனிவாகப் பேசுகிறவள் நேரில் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று என்னிடம் கேட்கிறான்.

இப்போது காசு வாங்குவதில்லை. எழுதிக்கொடுப்பது செவ்வாய், வெள்ளி மட்டும்தான். வார்த்தை என் இஷ்டம். தங்கத்தாய் நெல் குத்தித் தருகிறாள், இசக்கியம்மா தண்ணீர் எடுத்து ஊற்றுகிறாள். இதுவும் கூலிதானே என்பீர்கள்.

கோமு தபால்காரரைக் கண்டால் அப்பா என்று கை நீட்டுகிறாள். பாவம், அவர் கூச்சப்பட்டு அடுத்த வீட்டுக் காகிதத்தையும் இங்கேயே கொடுத்துவிட்டு ஓடுகிறார். நான் திருத்தவில்லை. தை பிறப்பதற்குள் நீங்களே வந்து திருத்திக்கொள்ளுங்கள்.

தங்கள்
பிரம்மநாயகி