ஒரு டப்பா அழுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இன்னும் சாப்பிடவில்லை என்றால் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படி. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடுதாசி என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், இல்லை கத்துவாய், மீதியை நான் யாரிடம் சொல்வது. கடிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது, சொல்ல வந்ததைக் கடைசி வரைக்கும் சொல்லி முடிப்பேன். அதனால் உட்கார்ந்துகொள். உன் ரயில் மேஜையை நான் கழுவிவிட்டேன்.

தூசி தட்டினேன் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதே, கழுவினேன். உங்கள் பொம்மை ரயில் சங்கத்துக் கண்காட்சியில் இந்தத் தடவை உன் மேஜையை வைக்கப்போகிறார்கள், சிநேகிதி வந்து அளவெடுத்துப் போவாள், நீ அங்கிருந்தே போனில் பார்ப்பாய் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான். சிநேகிதி என்றால் பல்செட் செய்கிற அந்தப் பெண், இங்கே நாங்கள் பல்லுக்காரி என்றுதான் சொல்கிறோம், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. நீ வேலைக்கென்று அந்தக் குளிர் ஊருக்குப் போய் இரண்டு வருஷத்தில் எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று ஒரு தடவை சொன்னதில்லை, அந்த மேஜையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய், அதை நான் மறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மேஜை நாலு பேர் பார்க்கப் போகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அறைக்குப் போய்ப் போர்வையை எடுத்தேன். நீ குட்டியாகச் செய்த டீசல் ஷெட், நான் தினமும் கூட்டித் துடைக்கிற எங்கள் ரயில் இஞ்சின் ஷெட்டேதான், கூரையெல்லாம் கரி, தரையெல்லாம் எண்ணெய், ஐந்து இஞ்சினும் புகையும் துருவும் பிடித்துப் போய் நிற்கிறது. பூட்டிக் கிடந்ததில் இப்படி ஆகிவிட்டதே, பிள்ளை நாலு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ததாயிற்றே என்று பாவமாக இருந்தது. நீ கிளம்புவதற்கு முன்னால் கடைசி மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னமோ செய்தாய், பெயிண்ட் வாடை வெளியே வராமல் இருக்கச் சாத்துகிறாய் என்று நினைத்தேன். உள்ளே உட்கார்ந்து அழுக்குப் பூசிக்கொண்டிருந்தாய் என்று யார் கண்டது.

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, உன் அப்பாவின் பழைய பல் பிரஷ், சோப்புக்கு மசியாத கறைக்கு மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சு. இஞ்சினுக்குள் ஒரு சொட்டு போகவில்லை, பயப்படாதே. பெரிய இஞ்சினுக்கே மோட்டார் பக்கம் நாங்கள் தண்ணீர் காட்டமாட்டோம், அது எனக்குத் தெரியாதா. மேல்கூட்டைக் கழற்றி எடுத்துத்தான் கழுவினேன், திருகாணி எல்லாம் பத்திரம். உன் அப்பா பக்கத்தில் தண்ணீர் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார், இங்கே ஒரு புள்ளி இருக்கு, அங்கே ஒரு புள்ளி இருக்கு என்று காட்டிக் கொடுத்ததே அவர்தான். இப்போது கேட்டால் அன்றைக்கு நான் பஸ் ஓட்டுகிற டூட்டியில் இருந்தேன் என்கிறார். எந்த பஸ், எந்த ரூட் என்று நீயே கேள். மூன்று மணி நேரத்தில் மேஜை கடையிலிருந்து இப்போதுதான் இறங்கினது போல ஆகிவிட்டது, இஞ்சின் ஐந்தையும் துண்டு விரித்து ஜன்னல் வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பல்லுக்காரி அளவு நாடாவோடு வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டுப் பெருமையாக நிற்கிறேன். பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி பார்த்தாள், அப்படியே உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா, அழுக்கெல்லாம் எங்கேம்மா என்றாள். சாக்கடையில் என்றேன். அப்புறம்தான் சொன்னாள், அது தானாக வந்த அழுக்கு இல்லை, நீ ஒவ்வொரு பூச்சாகக் காயவைத்துக் காயவைத்து ஏற்றினதாம். மற்றவர்கள் மேஜையெல்லாம் பொம்மைக் கடை மாதிரி இருக்க, இது ஒன்றுதான் நிஜ ஷெட் மாதிரி இருந்ததாம், சங்கத்தில் எடுத்ததே அந்த அழுக்குக்காகத்தானாம். இருபத்தோரு வருஷமாக அழுக்கை எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அழுக்கு வைப்பதற்கு ஒருத்தி மூன்று மாதம் மெனக்கெடுவாள், அதுவும் என் வயிற்றில் பிறந்தவள் மெனக்கெடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும். நீ இப்போது சிரிக்கிறாயோ அழுகிறாயோ, நான் அன்றைக்கு அழுதேன். டூட்டியில் இருந்த உன் அப்பா அதை மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறார், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார்.

பல்லுக்காரி நல்ல பெண். உன்னிடம் சொல்ல வேண்டாம், நீ எடுத்த போட்டோவைப் பார்த்து அவளே திரும்பப் பூசிவிடுகிறேன் என்றாள். குட்டிக் குட்டிப் புட்டியில் பொடி கொண்டுவந்தாள், துரு என்று ஒரு புட்டி, கரி என்று ஒரு புட்டி, அதைக் கடையில் வேறு விற்கிறார்களாம், நான் இத்தனை வருஷம் சும்மா கொட்டிவிட்டேன். போட்டோவை நானும் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, உன் அழுக்கு தப்பு. ஆள் இறங்கி நின்று இஞ்சினுக்கு அடியில் வேலை பார்க்கிற குழி இருக்கிறதே, அது முழுக்க ஒரே சீராக எண்ணெய் பூசியிருந்தாய். டிரைவர்கள் எல்லோரும் கதவோரத்து மஞ்சள் கோட்டில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அதனால் எப்போதும் அதே மூன்று இடத்தில்தான் சொட்டும், அங்கே கரேலென்று மேடு தட்டியிருக்கும், நடுவில் வெறும் தூசிதான். இஞ்சின் ஏறுகிற படி இரண்டு பக்கமும் கறுப்பாக வைத்திருந்தாய். எங்கள் ஷெட்டில் வலது பக்கம் குழாய் தடுக்கும், எல்லோரும் இடது பக்கம்தான் ஏறுவார்கள், இடது படி தேய்ந்து பளபளக்கும், தூசி பிடிப்பதெல்லாம் வலது படியில். ஃபோர்மேன் அறை வாசலில் துருக் கறை வைத்திருந்தாய், அந்த மனிதர் நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டு அந்த வாசலைத் துடைக்கச் சொல்கிறவர், பார்த்தால் லீவு போட்டுவிடுவார். சக்கரம் வழுக்காமல் இருக்க இஞ்சினில் மணல் நிரப்புகிற இடத்தில் ஒரு சிட்டிகை மணல் கீழே சிந்தவில்லை, அப்படி ஒரு ஷெட் எனக்குக் கிடைத்திருந்தால் என் முதுகு இன்றைக்கு நிமிர்ந்திருக்கும். உன் மேல் குற்றம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு எனக்குச் சாப்பாட்டுப் பை கொண்டுவருவாய், கேட்டைத் தாண்டி உன்னை விடமாட்டார்கள். கேட்டில் நின்று பார்த்தவள் பூசின அழுக்கு அது, தூரத்துக்குச் சரியாகத்தான் தெரியும்.

அதனால் நானே பூசுகிறேன் என்றேன். பல்லுக்காரி இஞ்சின்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள், கழுவினவளிடமே திரும்பக் கொடுப்பதா என்று நினைத்திருப்பாள். ஒரு இஞ்சினை மட்டும் கொடுத்துப் பார் என்று வாங்கினேன். அவள் பொடி எனக்கு ஒத்துவரவில்லை, அதில் பிசுக்கு இல்லை. மறுநாள் வேலை முடிந்ததும் குழியோரம் சுரண்டி, கூரைச் சட்டத்துக் கரியைத் தட்டி, ஒரு மிட்டாய் டப்பா நிறைய எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் வாட்ச்மேன் திறந்து பார்த்து, இது என்னக்கா என்றான். அழுக்கு என்றேன். எங்கே போகுது என்றான். வீட்டுக்கு என்றேன். ஏன், உங்க வீட்டுல இல்லையா என்றான். ஷெட் பொருள், சீட்டு இல்லாமல் வெளியே விடமுடியாது என்று நிற்கிறான். இருபத்தோரு வருஷமாக வண்டி வண்டியாக இதே கேட் வழியாகத்தானே தள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன், அப்போதெல்லாம் சீட்டு கேட்டாயா என்றேன். அது குப்பைக்கா, இது டப்பாவுல இருக்கே என்றான். கடைசியில் ஃபோர்மேனிடம் போய் விஷயத்தைச் சொல்லி நின்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த மேஜையில் என் ரூம் வாசல் சுத்தமாத்தானே இருக்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், இப்போ சுத்தமா இருக்கு சார் என்றேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பொருள்: அழுக்கு. அளவு: ஒரு டப்பா. திரும்பி வருமா: வராது. அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே.

பதினைந்து நாள் ஆயிற்று, மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தால் உன் அறையில்தான் இருக்கிறேன். ஷெட் அழுக்கு, உன் அப்பாவின் ஷூ பாலிஷ், பென்சில் சீவின கரி, செங்கல் பொடி, எல்லாம் பஞ்சுக் குச்சியால். முதல் இஞ்சினைப் பார்த்ததும் பல்லுக்காரி கண்ணாடியைத் துடைத்தாள், இந்தத் தடவை உட்காரவில்லை, இன்னும் மூன்று இஞ்சினை எடுத்துக் கையில் கொடுத்தாள். தொல்லையெல்லாம் உன் அப்பாவால்தான். ஷெட் கேட்டுக்கு வெளியே ஒரு பஸ் நிற்கவேண்டாமா, வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் நடந்தா வருவார்கள் என்று எங்கேயோ ஒரு பொம்மை பஸ் வாங்கிவந்து வைக்கிறார். பஸ் ஷெட் கூரை உயரத்துக்கு இருக்கிறது. நான் எடுத்து வைப்பேன், மறுநாள் பார்த்தால் ஸ்டாப்பில் நிற்கும். அவர் ஓட்டுகிற நிஜ பஸ் இவ்வளவு ஒழுங்காக ஸ்டாப்பில் நின்றால் ஜனங்கள் கும்பிடுவார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். கழுவின அன்றைக்கு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பீப்பாய்களுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த பசை என்று நினைத்து ஊக்கால் சுரண்டினேன், வரவில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நீல நிறம் வந்தது. அப்புறம் ஒரு கை. அப்புறம் ஒரு துடைப்பம். நீ வைத்த பதினொரு ஆளை நான் எண்ணியிருக்கிறேன், பதினொருவரும் ஆம்பிளை, ஒருத்தன் கையிலும் துடைப்பம் இல்லை, எங்க அம்மா அங்கேதான் வேலை செய்கிறாள் என்ற நினைப்பு இவளுக்கு இருக்கிறதா பார் என்று மனதுக்குள் ஒரு குறை இருந்தது, இப்போது சொல்கிறேன். பன்னிரண்டாவது ஆள், நான் வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறாள். என் இடுப்பு அவ்வளவு பெரிசாடி? உன் அப்பாவைக் கேட்டேன், பிள்ளை பார்த்துத்தானே செஞ்சிருக்கா என்றார், அன்றைக்கு அவரே சமைத்துச் சாப்பிட்டார். கழுவினால்தான் கண்ணில் படுகிற இடத்தில் அவளை வைத்திருக்கிறாய். அந்த மேஜையைக் கழுவக்கூடிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். தெரிந்து வைத்தாயோ தெரியாமல் வைத்தாயோ, அதனால் இந்தக் குற்றத்தில் பாதி உன் தலையில்.

மீதிப் பாதி என்னுடையது, அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. உன் மூன்று மாத வேலையை உன்னைக் கேட்காமல் அழித்தேன், தப்புதான். இப்போது மேஜையில் இருப்பது என் அழுக்கு, கண்காட்சியில் போட்டிருப்பது உன் பெயர். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அதற்கு முந்தின திங்கள் வரைக்கும் பல்லுக்காரி காத்திருப்பாள், நீ வேண்டாம் என்றால் சங்கத்தில் சொல்லி நிறுத்திவிடுவாள், நான் போர்வையைப் போட்டு மூடிவிடுவேன், நீ வரும்போது எல்லாவற்றையும் கழுவித் தருகிறேன், உன் இஷ்டப்படி பூசிக்கொள். ஒன்பது போட்டோ வைத்திருக்கிறேன், உன் அப்பா எடுத்தது, இரண்டில் கட்டைவிரல் இருக்கும், ஒன்றில் பஸ் இருக்கும், மற்றதைப் பார்த்து முடிவு சொல். வைக்கலாம், வேண்டாம், ஒரு வார்த்தை போதும். எந்த வார்த்தை சொன்னாலும் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன்.

போட்டோவில் ஐந்தாவது இஞ்சின் மட்டும் பளிச்சென்று நிற்கும், பூச மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. குழாய்க்குப் பக்கத்தில் அவளுக்கு எதிரில் நிறுத்தியிருக்கிறேன். சங்கத்துக்காரர்கள் இது ஒன்று மட்டும் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று கேட்பார்களே என்றாள் பல்லுக்காரி. இப்போதுதான் அவள் கழுவி முடித்தாள் என்று சொல்லச் சொன்னேன். அது உன் இஞ்சின். டப்பாவில் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மூடியை இறுக்கி உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். வாட்ச்மேனிடம் மறுபடி என்னால் மல்லுக்கட்ட முடியாது, அது காய்வதற்குள் லீவு கேட்டு வந்து பூசு.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே தூங்காதே, எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உன் கை தொட்டது எல்லாம் நல்லபடி ஓடும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அதோடு பஸ்ஸை என்ன செய்வது என்றும் கேட்கச் சொன்னார். அந்தத் திங்கட்கிழமைக்குள் போன் பண்ணு. இஞ்சினுக்குப் பூசும்போது இடது படி, மறந்துவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
நீலக் கோட்டு, குழாயடி, பீப்பாய்க்குப் பின்னால்.