வலப்பக்கத்துச் சிவப்பு

அன்பு மகள் யமுனாவுக்கு நைனா எழுதுவது. ஆக்லாந்தில் இப்போது குளிர் என்றாயே, சளி இருமல் இல்லாமல் நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முட்டி மட்டும் அவ்வப்போது பேசுகிறது. சித்தூரில் மாங்காய் சீசன், மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்து நிற்பதால் திருப்பதி பஸ் ஊர்ந்துதான் போகிறது, கண்டக்டராக இருந்தபோது பயணிகள் என்னைத் திட்டினார்கள், இப்போது நான் பயணியாகி கண்டக்டரைத் திட்டுகிறேன்.

போனில் சொன்னால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அதனால் இதை எழுதுகிறேன். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே மாட்ட அம்மாவிடம் எட்டடி அகலத்தில் படம் கேட்டு வாங்கினார்கள் அல்லவா. நீ மூன்றாவது படிக்கும்போது படம் வரையத் தொடங்கினாள், மரமும் இல்லை மனிதரும் இல்லை, வெறும் நிறங்கள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பின்னறையில் நின்றே வரைவாள். பெங்களூரில் வாங்கியவர்கள் உண்டு, நம் பக்கத்தில் ஒருவர் கேட்டது இதுவே முதல் தடவை, அந்தச் சந்தோஷத்தில் இடப்பக்கம் நீலமும் சாம்பலும், வலப்பக்கம் முழுக்கச் சிவப்புமாக இரண்டு மாதம் உழைத்தாள்.

மாட்டிய பத்தாம் நாள் மேனேஜர் சுரேஷ்பாபு போன் செய்தார், இது என்ன படம் என்று எல்லோரும் கேட்கிறார்களாம், மூலையில் ஒரு தாமரைப் பூ போட்டுவிட்டால் போதுமாம். தாமரை வேண்டுமானால் காலண்டர் மாட்டிக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டு, படத்தைத் திருப்பி எடுத்துவர ஒரு வேன் பேசி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வேன் வரத் தாமதமானது, அந்த ஹாலிலேயே உட்கார்ந்தோம். அப்போதுதான் அம்மா கவனித்தாள், படத்துக்கு எதிரே இருந்த நாற்காலிகள் எல்லாம் காலி, ஜனங்கள் படம் கண்ணில் படாத ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். குடுபல்லியிலிருந்து வந்த செங்கம்மா என்ற ஒரு அம்மாள் நாற்காலியைப் படத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வரைந்தது யாரென்று சொல்லாமலே அம்மா காரணம் கேட்டாள்.

"அந்தச் செவப்பு ரத்தம் மாதிரி கீதும்மா. எங்க ஊட்டுக்காரர உள்ள வயித்தக் கிழிச்சி ஆபரேஷன் பண்ணிக்கினு கீறாங்க. நான் அத எப்டிப் பாத்துக்கினு உக்கார்றது?" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது, அம்மாவின் கோபம் உனக்குத் தெரியாததா. ஆனால் அவள் கோபப்படவில்லை, வாங்கி வந்த டீயை ஆறவிட்டாள். அந்தச் சிவப்பை உயிர்த்துடிப்பு என்று நினைத்துத்தான் போட்டேன், இங்கே உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும் என்று மெதுவாக என்னிடம் சொன்னாள். வேன் வந்ததும் திருப்பி அனுப்பிவிட்டு மேனேஜரிடம் போய், பூ போட மாட்டேன், ஆனால் மூன்று நாள் வேண்டும் என்று கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், ஆனாலும் சரி என்றார். என்னைச் சித்தூருக்கு விரட்டி, வாடை அடிக்காத பெயிண்டும் பிரஷ்களும் எடுத்துவரச் சொன்னாள், ஏணி மட்டும் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது.

காத்திருந்த ஜனங்கள் அத்தனை பேர் பார்க்கப் பார்க்க வரைந்தாள். சிவப்பின் மேல் வெள்ளை, அதன் மேல் மங்கலான மஞ்சள், பிறகு துணியால் துடைத்துத் துடைத்து மழைக்கு முன்னால் வருமே ஒரு வெளிச்சம், அந்த மாதிரி கொண்டுவந்தாள். சிவப்பு அடியில் விரல் அகலத்துக்கு மட்டும் நின்றது. மூன்றாம் நாள் பிற்பகல் செங்கம்மா வந்தார், வீட்டுக்காரரை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம், கஞ்சி குடித்தாராம். நேர் எதிர் நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார், படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்படியே தூங்கிப்போனார். அம்மா ஏணியில் இரண்டாம் படியில் நின்றிருந்தாள், இறங்கினால் ஏணி கிறீச்சிடும் என்று முட்டி வலியோடு அரை மணி நேரம் அசையவில்லை. அவர் தானாக விழித்து வார்டுக்குப் போன பிறகுதான் இறங்கினாள்.

"போதுங்க. இதுக்கு மேல ஒண்ணும் போடக்கூடாது" என்று என்னிடம் சொன்னாள்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது படத்தைப் பற்றி நீயாகக் கேள், அவளாகச் சொல்ல மாட்டாள். எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் நைனா,
ஆதிநாராயணன்
சித்தூர்