ஒன்பதாம் பக்கத்தில் இல்லாத வீடு

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் வாழ்க்கையை எழுதி நாங்கள் அடித்துக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் யார் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கும் இதை அனுப்பப் போகிறேன். ஏனென்று வாசித்தால் அவர்களுக்கு விளங்கும்.

அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் கடைசிக் காலத்தைப் பற்றி நான் எழுதியது இது: "கண்டியில் மகளின் இல்லத்தில், மகளின் கையால் உண்டு, மகளின் மடியிலேயே கண் மூடினார்." அச்சுக்குக் கொடுக்க முன் மூன்று தரம் பிழை பார்த்தேன். பொய் மட்டும் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதும் பொய்தான்.

கடைசி இரண்டு வருடமும் நீங்கள் இருந்தது கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில், எட்டு முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன வீட்டில். குளியலறையில் இரண்டாம் தரம் நீங்கள் விழுந்தபோது நானும் உங்கள் மருமகனும் வேலையில் இருந்தோம். பிறகு மூன்று இடம் பார்த்தோம். இந்த வீட்டில் சமைக்கிற குசினிக்குள் நீங்களே எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சை மனிசர் இருக்கினம், பிள்ளை. இது காணும்" என்றீர்கள்.

அங்கே உங்களைப் பார்த்துக்கொண்டவர் புஷ்பம் அக்கா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருபவர். உங்களை எழுப்பும்போதெல்லாம், "ஐயா, கையப் புடிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். இரண்டு வருடமும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்றாலும் கேட்பார். நான் எங்கள் வீட்டில் அவசரத்துக்கு உங்களைக் கமுக்கட்டில் பிடித்து இழுத்தவள், அப்பா. ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் அறைத் தோழர் ஹனீபா நானா, கண்டியில் புடவைக் கடை வைத்திருந்தவர். வானொலிச் செய்தி முடிந்ததும் இரண்டு பேரும் அரசியலில் முட்டிக்கொள்வீர்கள். ஆனால் நோன்பு மாதத்தில் அவர் நோன்பு திறக்கும்வரை உங்கள் பின்னேரத் தேநீர் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்.

இதில் மறைக்க என்ன இருந்தது? உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எனக்குத்தான் வந்துவிடும் என்று பயந்தேன். பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் விட்டுவிட்டாள் என்று யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் கதைப்பார்கள் என்று பயந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வீடியோக் கோல் எடுக்க முன், எங்கள் வீடு போலத் தெரிய எங்கள் வீட்டுக் கலண்டரைக் கொண்டுவந்து உங்கள் கட்டிலுக்குப் பின்னால் மாட்டினேன். புஷ்பம் அக்காவைக் கையைக் காட்டி வெளியே நிற்கச் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையோடு கதவடியில் நின்றார். நீங்களோ, "ஓம் தங்கச்சி, பிள்ளையோடைதான் இருக்கிறன்" என்று உங்கள் தங்கைக்குச் சொன்னீர்கள். பொய் சொன்னதற்கு என் காதைத் திருகிய அதே அப்பா.

ஒரு நாள் கதைத்து முடிந்ததும், "கலண்டர் இஞ்சையே கிடக்கட்டும் பிள்ளை. கிழமைக்குக் கிழமை ஏன் காவிக்கொண்டு வாறாய்?" என்றீர்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். எந்த முகத்தோடு சிரித்தேனோ தெரியாது.

நீங்கள் போனது ஒரு காலையில், பாதித் தேநீரோடு, புஷ்பம் அக்காவின் தோளில் சாய்ந்தபடி. நான் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. வந்ததும் நான் அவரிடம் சொன்னது, சொந்தக்காரர் நிறையப் பேர் வருவார்கள், செத்த வீட்டுக்கு வரவேண்டாம், பிறகு ஒரு நாள் வாருங்கள் என்பதுதான். "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான். வரவுமில்லை.

போன மாதம் உங்கள் பிறந்த நாளுக்கு அந்த வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன், பெரிய புண்ணியவதி மாதிரி. எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குப் புத்தகம் அடிப்பார்கள் என்று நானாவுக்கு நீங்கள் எப்போதோ சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அடித்ததைத் தரச்சொல்லி அவர் கேட்டார். காரில் ஒன்று கிடந்தது. இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்குக் கண் தெரிவது குறைவு என்பதால் புஷ்பம் அக்காவிடம் கொடுத்து எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொன்னார்.

நீங்கள் பிறந்தது, படித்தது, நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தது எல்லாம் வாசித்தார். ஒன்பதாம் பக்கம் வந்தது. அவரது கண் வரிக்கு முன்னால் ஓடி நின்றதைக் கண்டேன்.

"என்னத்துக்கு நிப்பாட்டின? எங்கட ஊட்டப் பத்தியும் போட்டீக்கா மகள்?" என்று கேட்டார் நானா.

"போட்டிருக்குங்க நானா" என்றார் புஷ்பம் அக்கா. என்னை நிமிர்ந்து பார்க்காமலே வாசித்தார். "கடைசி ரெண்டு வருஷம் ஐயா வத்தேகம வீட்டுல இருந்தாரு. ஹனீபா நானாவோட தெனமும் சண்டை போடுவாரு. நானா நோம்பு தொறக்காம ஐயா தேத்தண்ணி குடிக்கமாட்டாரு. மக ஞாயித்துக்கிழமை தவறாம வந்தாங்க."

நானா அழுதார். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு விரலை நீட்டினார். புஷ்பம் அக்கா அந்த விரலைப் பிடித்து என் பொய்யின் மேல் வைத்தார். அவர் சொன்ன கதையில் நானும் இருந்தேன், அப்பா. அவர் பெயர் மட்டும் இல்லை.

உங்கள் முதலாம் வருட நினைவுக்கு, ஆட்டத்திவசத்துக்கு, வரச் சொல்லிப் புஷ்பம் அக்காவைக் கேட்டேன். "நாங்கல்லாம் எதுக்குங்கம்மா" என்கிறார். அப்படிச் சொல்ல வைத்தவள் நான்தானே? வருகிற ஞாயிறும் போய்க் கேட்பேன். அவர் வராவிட்டால் உங்கள் திவசச் சாப்பாட்டை வத்தேகமவிலேயே வைப்பேன். மாமியும் அங்கேதான் வரவேண்டும். ஒன்பதாம் பக்கத்தைப் புதிதாக அடிக்கிறேன், புஷ்பம் அக்காவின் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல். அதன் கீழே ஒரு வரி மட்டும் நான் சேர்ப்பேன்: அப்பா கண் மூடியது புஷ்பம் அக்காவின் தோளில், நான் அப்போது அங்கே இல்லை. அதை எல்லார் முன்னாலும் நானே எழுந்து நின்று வாசிப்பேன்.

அந்தப் பொய்யை எழுதிய,
உங்கள் மூத்த மகள்