இடது தோளுக்கு மேல் ஒரு புள்ளி

பதுளை,
12.02.2006

என்றும் என் மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? இங்கே குளிர்தான், ஆனால் ஸ்டூடியோவில் வேலைக்குக் குறைவில்லை.

போன மாதம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் முனியாயி என்பவரின் செத்த வீட்டுக்குப் படமெடுக்கப் போனேன். பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படமெடுப்பது அங்கே வழக்கம். அவசரத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று லென்ஸை மாற்றினேன். அப்போது கமராவுக்குள் ஒரு தூசி விழுந்திருக்கிறது. பிறகு அவர் இருந்த லயத்து வரிசை வீடுகளின் ஆட்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி அடையாள அட்டைக்குப் படமெடுத்தால், எல்லோருடைய இடது தோளுக்கு மேலும் ஒரே சாம்பல் புள்ளி!

"எங்கம்மாதாங்க. எல்லார் பக்கத்திலயும் வந்து நிக்கிறாங்க," என்றாள் முனியாயியின் மகள் தெய்வானை.

நான் சிரித்தேன். கடைக்கு வந்து, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர்க் குமிழால் உள்ளே காற்றடித்தேன். தூசி போய்விட்டது. திரும்ப எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள்.

"ஊதி வெரட்டிப்புட்டீங்களே, அண்ணே."

நீங்கள் ஒன்றும் யோசிக்காதேங்கோ. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் இப்போது யாரைப் படமெடுத்தாலும் என் கண் முதலில் இடது தோளுக்குத்தான் போகிறது.

பருத்தித்துறை வடை கொஞ்சம் அனுப்புங்கோ. லென்ஸ் துடைக்க மெல்லிய துணியும் வேண்டும். அப்பா கடைசி நாளில் போட்டிருந்த சால்வை அலுமாரியில் இருக்குமே, அது போதும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
பிரதீபன்

பி.கு.: சால்வையைத் துவைக்க வேண்டாம், அம்மா.