அம்மா உட்கார்ந்த நாற்காலி

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள சுடர்விழி அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மிக்ஸி நேற்றுக் காலை தேங்காய்ச் சட்னிக் கடமையில் இருந்தபோதே புகைவிட்டு இயற்கை எய்தியது. அது போக இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மலைமேல் ஒத்திகை முகாமில் நீயும் உன் நாடகக் குழுவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நலமாக இருப்பதாக அம்மா நம்புகிறார், நீ அதைப் பையை விட்டே எடுத்திருக்க மாட்டாய் என்று நான் நம்புகிறேன். புது நாடகம் உருவாகி முடியும் வரை எல்லோருடைய போனையும் இயக்குநர் நெடுமாறன் சார் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார் என்று நீ சொல்லிப் போனதிலிருந்து இந்த வீட்டின் தபால் துறை நான்தான். அம்மா வெங்காயம் உரித்தபடி சொல்கிறார், அப்பா குறுக்கே பேசுகிறார், நான் இருவர் சார்பாகவும் எழுதுகிறேன். ஆகவே இதைப் பெற்றவர்கள் கடிதமாகவே பாவித்துப் பணிவோடு படி. பச்சைத் தண்ணியில் தலைக்குக் குளிக்காதே, ஒத்திகை என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்காதே, பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறது, ஊருக்கே பந்தி வைக்காமல் நீயும் சாப்பிடு.

போன மாதம் முத்தியால்பேட்டை குடோனில் நீங்கள் போட்ட நாடகத்தின் குழப்பம் இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் நடிகர்கள் கூடவே நின்றும் நடந்தும் பார்க்க வேண்டும் என்றால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முட்டிவலியோடு வந்த அம்மா என்ன செய்வார், நடுவில் கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் தொடங்கிய பிறகு எது நடந்தாலும் அதுவும் நாடகம், யாரும் நிறுத்தக்கூடாது என்பது உங்கள் குழுவின் வழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆளாளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள், கிழிந்த செருப்பு, பழைய பூட்டு, கடைசியில் நீ ஒரு டிபன் கேரியர். அதைத் திறந்து பார்த்து, "காலியா கீதே, நீ சாப்ட்டியாடி?" என்று அம்மா கேட்டதற்குக் கூட்டமே கைதட்டியது. ஏன் தட்டினார்கள் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார். சீரியல் பார்க்கும்போது நடுவில் திடீரென்று, "இன்னா கதைன்னு யாராவது கேட்டா நான் இன்னாடா சொல்றது?" என்கிறார். அப்பாவோ, "அந்தப் பையன் செவுத்த பாத்து எதுக்குடா அழுதான், யாராவது திட்டிட்டாங்களா? ஒருத்தனும் வாயத் தொறக்கலயே, வசனம் எழுத ஆள் கெடைக்கலயா?" என்று ஆட்டோ துடைக்கும்போதும் முனகுகிறார்.

நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ குழுவில் தொடரலாமா, திரும்பி வந்து அந்தப் பள்ளிக்கூட வேலையில் சேர வேண்டுமா என்று சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார் அல்லவா, நீயும் பதில் தெரியாமலே வண்டி ஏறினாய். பத்துநாள் கழித்து ஒரு சாயங்காலம், "வந்துரச் சொல்லி எழுதுடா செம்மல், ஒண்ணும் வெளங்கல" என்றார். அப்போதுதான் இந்தக் குடும்பத்தில் உன் கலையைக் கரைத்துக் குடித்த ஒரே ஜீவனான நான் வாயைத் திறந்தேன். அந்த நாற்காலிதான் அப்பா வேலை பார்த்த, மூடிப்போன மில், மடியில் வைத்ததெல்லாம் வேலை போனவர்கள் விட்டுவந்த பொருள், சுவரைப் பார்த்து அழுதவன் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றவன், காலி கேரியர் அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று விளக்கினேன். அப்பா டிவியை அணைத்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "நம்மள பத்தியாடா எடுத்துருக்கா?" என்றார். பின்னே என்றேன். மறுநாள் பெரிய மார்க்கெட் ஆட்டோ ஸ்டாண்டில், அவரோடு மில்லில் வேலை பார்த்த சாமிக்கண்ணு மாமாவிடம் முழுக்கதையும் சொல்லியிருக்கிறார், நான் சொல்லாத இரண்டு காட்சியையும் சேர்த்து. வீட்டுக்கு வந்து, "அவ அதுலயே இருக்கட்டும்" என்றார். ஆக உன் கலை வாழ்க்கையைக் காப்பாற்றிய மேதை யார் என்பதை மறந்துவிடாதே, விருது மேடையில் என் பெயரை முதலில் சொல்.

கோழிக்கோட்டில் நீங்கள் போடும் புது நாடகத்தின் முதல் காட்சிக்கு அப்பாவும் சாமிக்கண்ணு மாமாவும் ரயிலில் வருகிறார்கள். மில்லைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும் என்று நெடுமாறன் சாரிடம் நேரில் கேட்க வேண்டுமாம், அதற்காக அப்பா புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். நீ நினைத்த காரியம் நடக்கட்டும், உடம்பு கெடாமல் இரு என்று அம்மா சொல்லச் சொன்னார். ஸ்வெட்டரை மறக்காதே என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறார்.

இனிமேல் வருவதை மாடிக்கு வந்து தனியாக எழுதுகிறேன். அக்கா, உன் நாடகத்தில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பாதி நேரம் குடோனுக்கு வெளியே தள்ளுவண்டியில் காளான் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். உன்னை வரச் சொல்லி எழுது என்று அப்பா சொன்னதும் கை ஓடவில்லை, வாயில் வந்ததையெல்லாம் அள்ளிவிட்டேன், அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். உண்மையில் அது எதைப் பற்றியது? மில்லைப் பற்றி இல்லையென்றால், அப்பா கேட்கும்போது நெடுமாறன் சார் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள். அந்த நேரத்தில் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் பரீட்சை இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பரீட்சையும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா முருகையன், அம்மா ஆதிலட்சுமி சார்பாக
உன் தம்பி செம்மல்